சூரிச்சுக்கும் லண்டனுக்கும் நடுவில் ஒரு ராகு காலம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கடிதம் எழுதியிருக்கிறேன், கடைக்குப் போகச் சாமான் துண்டு எழுதியிருக்கிறேன். இப்படி நீளமாக எழுதியதில்லை. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு பக்கம் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் கூடிவிட்டது.

என்னுடைய கடைசி வேலை நாளில் நீங்கள் எல்லோரும் கேக் வெட்டி, "அக்கா, ரெண்டு வார்த்தை கதையுங்கோவன்" என்று கேட்டீர்கள். நான் கேக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் திறக்காது என்று உங்களுக்குத் தெரியும். "அப்ப எழுதித் தாங்கோ" என்று ஒரு பிள்ளை சொன்னாள். அவள் விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பாள். நான் வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சூரிச் விமான நிலையத்தில் நடக்க ஏலாதவர்களைச் சக்கர நாற்காலியில் இருத்தி, விமான வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுகிற வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். கதிரையை எப்படி மடிப்பது, சரிவில் எப்படி இறக்குவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் எழுத நினைத்தது ஒரேயொரு கேள்வியைப் பற்றி. இத்தனை வருஷத்தில் என்னிடம் ஆட்கள் அதிகமாகக் கேட்ட கேள்வி அதுதான். "எவ்வளவு நேரம் செல்லும், பிள்ளை?"

எங்கள் சனம் கேட்டால் அது பெரும்பாலும் லண்டனைப் பற்றித்தான் இருக்கும். அங்கே ஒரு அக்காவோ தம்பியோ இல்லாத குடும்பம் குறைவு. சூரிச்சிலிருந்து லண்டனுக்கு ஆகாய வழியாக எண்ணூறு கிலோமீற்றருக்குக் கிட்ட வரும் என்று ஒரு விமானி எனக்கு ஒருமுறை சொன்னார். பறக்கிற நேரம் ஒன்றே முக்கால் மணித்தியாலம் அளவில். ஆனால் லண்டன் மணிக்கூடு நம்முடையதைவிட ஒரு மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அதனால் டிக்கெட்டைப் பார்த்தால் முக்கால் மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்துவிடுவதுபோல இருக்கும். சூரிச்சில் நாங்கள் இருக்கிற ஓர்லிகோனில் பக்கத்து வீட்டு அண்ணை அதைப் பார்த்துவிட்டு, "ரயிலில ஒரு மணித்தியாலம் போற சோலோதுர்னைவிட லண்டன் கிட்டவடாப்பா" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். திரும்பி வருகிற டிக்கெட்டில் மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்டக் காட்டியது. "வரேக்க எதிர்க்காத்துப் போல" என்றார். இன்றைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

வேலைக்கு வந்த புதிதில் இந்தக் கேள்விக்கு நானும் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். ஒரு சுவிஸ் ஐயா, நல்ல வயது, கதிரையில் இருந்துகொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு அப்போது ஜெர்மன் கொஞ்சம்தான். கதிரைக்குப் பின்னால் நின்றபடியே திரும்பத் திரும்ப அதே பதிலைச் சொன்னேன். எங்கள் பொறுப்பாளர் அம்மா அதைக் கண்டுவிட்டார். நாங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ஷெஃபின்' என்போம். சோலோதுர்னிலிருந்து தினமும் ரயிலில் வருவார். அவர் வேலைக்கு வந்துபோகிற நேரத்துக்குள் ஒருவர் லண்டனில் இறங்கித் தேநீரும் குடித்துவிடலாம். ஷெஃபின் அந்த ஐயாவுக்கு முன்னால் போய்க் குந்தியிருந்தார். முகத்தைப் பார்த்து, "ஏன் கேட்கிறீர்கள்?" என்றார். ஐயா மெதுவாக ஏதோ சொன்னார். அவருக்குச் சிறுநீர் அடக்க முடியாத வருத்தம். விமானத்தில் எழும்பி நடக்க முடியாது என்று பயந்துபோயிருந்தார்.

அவரைக் கழிவறைக்குக் கொண்டுபோய், பிறகு விமானத்தில் ஏற்றிவிட்டு வரும்போது, ஷெஃபின் எனக்கு விளங்குகிற மாதிரி ஆறுதலாக இரண்டு விஷயம் சொன்னார். "நீ பின்னால் நின்று தள்ளுகிறாய். அவருக்கு உன் முகம் தெரியாது. கேள்வி வந்தால் நிறுத்து, முன்னால் வா." மற்றது, "அவர்களால் எழும்பிப்போய்ப் பார்க்க முடியாது. அதனால் உனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லாதே."

சின்ன விஷயம் என்றுதான் அப்போது நினைத்தேன். அது எவ்வளவு பெரிது என்று ஒரு கார்த்திகை மாதத்துப் புதன்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு லாங்கன்தால் என்ற ஊரிலிருந்து ஒரு ஆச்சியை மகள் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. ஆச்சி யாழ்ப்பாணப் பக்கம். மெல்லிய உடம்பு, சேலைக்கு மேலே மகளின் தடித்த ஜக்கெற். பெட்டியைச் சுற்றி மஞ்சள் துணி ஒன்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, மேலே பெரிய முடிச்சுப் போட்டிருந்தார்கள். பெட்டி பெல்ற்றில் போகும் வரைக்கும் ஆச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தா.

மகள் என்னைக் கொஞ்சம் அப்பால் கூட்டிப்போய்ச் சொன்னா.

"அக்கா, லண்டனில பெரியம்மாவுக்கு நாளைக்கு விடிய இருதய ஒப்பரேசன். எழும்புவாவோ தெரியாது எண்டு டொக்டர்மார் சொல்லிப்போட்டினம். இண்டைக்குப் பின்னேரம் பார்க்க விடுவினம். அதை விட்டா இல்லை."

"நீங்கள் போகேல்லையோ?"

"எனக்கு லீவு தரேல்லை, அக்கா. நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில ஆளில்லை. அங்க தம்பி வந்து ஏத்துவான். காலமைப் பிளேனில இடமில்லை, பின்னேரப் பிளேன் பார்வை நேரத்துக்குப் போகாது. இது ஒண்டுதான் சரி. பன்னிரண்டுக்கு முதல் கிளம்பிடும். புதன்கிழமை பன்னிரண்டிலயிருந்து ஒண்டரை ராகு காலம். அம்மா அதில சரியான பிடிவாதம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டிலும் கோயில் கலண்டர் தொங்குகிறது.

மகள் அந்தப் பக்கம் நின்றுவிட்டா. நானும் ஆச்சியும் சோதனை எல்லாம் முடித்து, விமான வாசல்களுக்குப் போகிற நிலக்கீழ் ரயிலில் ஏறினோம். அந்தச் சுரங்கத்துக்குள் மாடு கத்துகிற சத்தம் போடுவார்கள், தெரியும்தானே.

"இதென்ன பிள்ளை, மாடு கத்துது?"

"சும்மா ரேடியோவில போடுறாங்கள், ஆச்சி. வாற ஆக்களுக்குச் சிரிப்புக் காட்ட."

"ரேடியோ மாடெண்டாலும் பசு பசுதான். நல்ல சகுனம்." பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தா. "நீ எவடம்?"

"மட்டக்களப்புப் பக்கம், ஆச்சி."

"அதுதானே பார்த்தன், கதை இழுபடுது. பரவாயில்லை, கதிரையை ஆடாமல் தள்ளுறாய்."

வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் வரிசையில் நின்றார்கள். விமானமும் கண்ணாடிக்கு வெளியே நின்றது. அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி. சிறிது நேரத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஓடுபாதையில் விமானங்களை இடைவெளி விட்டுத்தான் அனுப்புகிறார்களாம், நமது விமானம் பிந்துகிறது, ஆட்களையும் இப்போது ஏற்றமாட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் போய் இருந்தார்கள்.

ஆச்சிக்கு அறிவிப்பு விளங்கவில்லை, ஆட்கள் இருந்தது விளங்கியது. "எத்தினை மணிக்கு ஏத்துவினம்?"

நான் முன்னால் போய்க் குந்தினேன். "பன்னிரண்டு தாண்டும், ஆச்சி."

ஆச்சி கதிரையின் கால்தட்டிலிருந்து இரண்டு காலையும் எடுத்துக் கீழே நிலத்தில் ஊன்றினா. "அப்ப நான் போகேல்லை" என்றா.

போனில் மகளை எடுத்துக் கொடுத்தேன். போன் சத்தமாக இருந்ததால் எனக்கும் கேட்டது.

"அம்மா, லண்டனில இப்ப பதினொரு மணிதானே ஆகப்போகுது! அங்க ராகு காலம் தொடங்கவேயில்லை!"

"நான் லண்டனிலயோ இருக்கிறன்?"

"சரி, அப்ப ஊர் நேரத்தைப் பாருங்கோ. அங்க பின்னேரம். எப்பவோ முடிஞ்சுது!"

"உன்ர வசதிக்குச் சூரியனை அங்கயும் இஞ்சயும் உருட்டாத. போனை வை."

போனை என்னிடம் தந்துவிட்டு ஆச்சி விமானத்தைப் பார்த்தபடி தானாகச் சொன்னா.

"எனக்கு விசர் எண்டு நினைக்காத, பிள்ளை. முந்தி ஒருக்கா ராகு காலத்தில படியிறங்கினனான். ஆமி வருது எண்டு எல்லாரும் ஓட, நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினன். 'நீ முன்னால போ, நான் சைக்கிளில வாறன்' எண்டார் அவர். ஆள் வரேல்லை. இப்ப மிஞ்சி இருக்கிறது அக்கா ஒராள். நான் பிழையான நேரத்தில வெளிக்கிட்டு, அவவுக்கு நாளைக்கு ஏதும் ஆச்செண்டா?"

நானும் ஓடி வந்தவள்தான். என்ன நேரத்தில் ஓடினேன் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் இப்படித்தான் இருந்திருப்பேனோ என்னவோ.

பன்னிரண்டு மணி தாண்டியதும் ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள். எங்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நான் கையைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். மற்ற எல்லோரும் ஏறி முடித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் அங்கேயே. வாசலில் டிக்கெட் பார்க்கிற பெண் இளம்பிள்ளை. என்னிடம் ஓடிவந்தா.

"என்ன பிரச்சினை? உடம்பு சரியில்லையா?"

"இல்லை. அவ இப்ப ஏறமாட்டாவாம்."

"புறப்பட எங்களுக்குக் கிடைத்த நேரம் இன்னும் சில நிமிஷம்தான். சும்மா தள்ளிக்கொண்டு போங்கள். உள்ளே போனால் இருந்துவிடுவார்."

உண்மையைச் சொல்கிறேன், என் கை பிறேக்கில்தான் இருந்தது. ஆச்சிக்கு என்ன பாரம்? காலைத் தூக்கி வைத்துவிட்டுத் தள்ளியிருந்தால் அவவால் என்னைத் தடுத்திருக்க முடியாது. அக்காவைப் பார்க்கப் போவதுதானே முக்கியம் என்றும் மனது சொன்னது. ஆனால் பின்னால் நின்றுகொண்டு அப்படி யோசிக்கிறேன் என்று எனக்கே பட்டது. பிறேக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு முன்னால் வந்தேன்.

அந்தப் பெண் இன்னும் ஒன்று சொன்னா. "அவர் வராவிட்டால் அவருடைய பெட்டியையும் இறக்க வேண்டும். ஆள் இல்லாமல் பெட்டி போகக்கூடாது. அதைத் தேடி இறக்குவதற்குள் எங்கள் நேரம் போய்விடும். தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்."

நான் ஆச்சிக்குத் தமிழில் சொன்னேன். "நீங்கள் ஏறாட்டி உங்கட பெட்டியையும் இறக்கவேணுமாம், ஆச்சி."

ஆச்சி சட்டென்று நிமிர்ந்தா. "பெட்டி ஏத்தியாச்சோ?"

"ஓம்."

"எப்ப ஏத்தினவை? பன்னிரண்டுக்கு முதலோ, பிறகோ?"

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. பழைய ஆட்கள் இருக்கிற வீடுகளில் நீங்களும் கண்டிருப்பீர்கள். பயணம் போக நல்ல நேரம் ஒத்துவராவிட்டால், நல்ல நேரம் இருக்கும்போதே பையைக் கொண்டுபோய் அயல் வீட்டில் வைத்துவிடுவார்கள். பை வெளிக்கிட்டால் ஆளும் வெளிக்கிட்ட மாதிரி. பிறகு எந்த நேரம் படியிறங்கினாலும் குற்றமில்லை.

ஆச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. "முதல்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த இடத்தில் யார் என்றாலும் சொல்லியிருப்பார்கள், நல்லதுக்குத்தானே. ஆனால் எனக்குத் தெரியாது. ஆச்சி எழும்பிப்போய்ப் பார்க்கவும் முடியாது. நாளைக்கு அந்த ஒப்பரேசன் அறைக்கு வெளியே இருந்துகொண்டு, இந்தப் பிள்ளை சும்மா சொல்லியிருப்பாளோ என்று அவ யோசிக்கத் தொடங்கினால், அதற்கு நான் என்ன செய்வேன்?

"எனக்குத் தெரியாது, ஆச்சி. கேட்டுச் சொல்லுறன்."

திரும்பி அந்தப் பெண்ணிடம் கேட்டேன். என் ஜெர்மன் உங்களுக்குத் தெரியும்தானே, அவசரத்தில் இன்னும் மோசம். அவரது பெட்டி பன்னிரண்டுக்கு முதல் விமானத்துக்குள் போனதா என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "இப்போது அது ஏன்?" நான் சொன்னேன்: "அவரது பெட்டி பன்னிரண்டுக்கு முதல் போயிருந்தால், அவரும் பன்னிரண்டுக்கு முதல் போய்விட்டார். அப்படி எங்கள் வழக்கம். நாளைக்கு அவரது அக்காவுக்கு ஒப்பரேசன்."

அந்தப் பெண் சிரித்திருக்கலாம், கோபப்பட்டிருக்கலாம். ஆச்சியையும் ஊன்றிய காலையும் ஒருமுறை பார்த்தா. பிறகு வயர்லெஸ்ஸை எடுத்துக் கீழே பெட்டி ஏற்றுகிறவர்களைக் கூப்பிட்டா.

கரகரவென்று ஒரு ஆண் குரல் வந்தது. தடித்த சுவிஸ் பேச்சு. "மஞ்சள் துணி கட்டின பெட்டியா? பரிசுப் பொதி மாதிரி? அது நான் வைத்ததுதான். பிந்துகிறது என்று சொல்வதற்கு முன்பே எல்லாம் உள்ளே போய்விட்டது. பதினொன்றரைக்கே முடித்துவிட்டுக் குளிரில் நிற்கிறோம். ஏன், அதற்குள் என்ன இருக்கிறது?"

அந்தப் பெண் ஆச்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னா: "அந்த அம்மா இருக்கிறார்."

நான் ஆச்சிக்குச் சொன்னேன். குரலில் கேட்டதை அப்படியே சொன்னேன், பரிசுப் பொதி என்றதையும் சேர்த்து. ஆச்சி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தா. பிறகு இரண்டு காலையும் தூக்கிக் கால்தட்டில் வைத்தா.

"அப்ப தள்ளன் பிள்ளை! என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? பிளேன்காரன் விட்டிட்டுப் போகப்போறான்!"

விமானத்துக்குள் போகிற அந்த நடைபாதையில் நான் அவ்வளவு வேகமாகத் தள்ளியது அன்றைக்கு மட்டும்தான். விமான வாசலில் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா. "எவ்வளவு நேரம் செல்லும், பிள்ளை?"

"ஒரு ராகு காலமும் கொஞ்சமும், ஆச்சி. இறங்கேக்க முடிஞ்சிடும்."

"லண்டன் மணிக்கு முடியாதே?"

"பாஸ்போட் பார்த்து நீங்கள் வெளியில வரேக்க அதுவும் முடிஞ்சிடும்."

ஆச்சி அப்போதுதான் சிரித்தா.

கதவைச் சாத்தி விமானம் பின்னுக்குப் போகும்வரை அந்தப் பெண்ணும் நானும் கண்ணாடியில் நின்று பார்த்தோம். அவவுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று வாய்வரை வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அவவும் ஆட்டினா. பிறகு மகளுக்குப் போன் எடுத்து, அம்மா ஏறிவிட்டா என்றேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்தான் கேட்டது.

தாமதத்துக்கு எங்கள் பகுதியிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். ஷெஃபின் என்னைக் கூப்பிட்டபோது வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார். "நீ தள்ளினாயா, அவர் தள்ளச் சொன்னாரா?"

"அவ சொன்னா."

"அப்படியானால் மற்றதை நான் எழுதுகிறேன்" என்று சொல்லி எனக்குக் குடிக்க ஒரு கோப்பி எடுத்துத் தந்தார். அந்தக் கோப்பிக்கும் நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. அவர் இளைப்பாறிப் போகும்போதும் எனக்கு வாய் திறக்கவில்லை. இதை யாராவது அவருக்கு ஜெர்மனில் வாசித்துக் காட்டினால் நல்லது.

மார்கழியில், நத்தார் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்பு ஆச்சி திரும்பி வந்தா. அன்றைக்கு வேறு ஒரு தம்பிக்குத்தான் அந்த வேலை. ஆனால் ஆச்சி விமானத்தின் வாசலில் இருந்துகொண்டு, "மட்டக்களப்புப் பிள்ளை எங்க?" என்று கேட்டு அசையவில்லையாம். அந்தத் தம்பி எனக்குப் போன் எடுத்து, "அக்கா, உங்கட ஆள் காலை ஊண்டிப்போட்டா, ஓடி வாங்கோ" என்றான்.

நான் ஓடிப்போய் முன்னால் குந்தினேன். கேட்கப் பயமாக இருந்தது. ஆச்சியே சொன்னா.

"அக்கா எழும்பிட்டா. எழும்பி முதல் வேலையா என்னைப் பேசினா, ஏன் ஜக்கெற் போடாமல் நிக்கிறாய் எண்டு."

பெட்டி எடுக்கிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மஞ்சள் துணியைத் தேடிக்கொண்டு நின்றேன். பெட்டிகள் சுற்றிச் சுற்றி வந்தன, மஞ்சளைக் காணவில்லை. ஆச்சி விரலை நீட்டி, வெறும் கறுத்தப் பெட்டி ஒன்றைக் காட்டினா.

"துணி எங்க, ஆச்சி?"

"அக்கா கேட்டா. கழட்டிக் குடுத்திட்டு வந்தன். சித்திரைக்கு லாங்கன்தாலுக்கு வாறதெண்டு, நல்ல நாள் பார்த்து இப்பவே தன்ர பெட்டியில கட்டி வாசலில வைச்சிட்டா."

பிள்ளைகளே, நான் எழுத நினைத்தது இவ்வளவுதான். அந்தக் கதிரைகளைத் தள்ளித்தான் என் பிள்ளைகளைப் படிப்பித்தேன். ஆனால் சம்பளத்தைவிட இந்த மாதிரி நாட்களைத்தான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். யாராவது நேரம் கேட்டால் முன்னால் போய் முகத்தைப் பாருங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கேட்டுச் சொல்லுங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான்.

நான் எழுதிய கணக்குகளை யாராவது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். லண்டன் எண்ணூறு கிலோமீற்றருக்கு உள்ளேயா வெளியேயா, புதன்கிழமை ராகு காலத்தைச் சரியாக எழுதினேனா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. எழுத்துப் பிழைகளையும் திருத்திவிடுங்கள். இன்னும் ஒன்று. கீழே பெட்டி ஏற்றும் பகுதியில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால், அந்த வயர்லெஸ்ஸில் கதைத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். முகம் தெரியாது, பெயரும் தெரியாது, குரலை மட்டும்தான் கேட்டேன். ஆள் அகப்பட்டால், அந்தப் பரிசுப் பொதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்.